இடம் கூடினாலும் பங்கு குறையும்: தொகுதி மறுவரையறைக் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்

#1 எண்கணியன்

தொகுதி மறுவரையறை, அதாவது மக்கள்தொகைப்படி மாநிலங்களுக்கு மக்களவை இடங்களைத் திரும்பப் பிரித்து எல்லை வகுப்பது, பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் அட்டவணைகளில் ஒன்று தமிழ்நாட்டுக்கு 31 இடம் என்கிறது, இன்னொன்று 49 என்கிறது. படிப்பவர்கள் எதை நம்புவது என்று குழம்புகிறார்கள். மக்களவையின் மொத்த இடம் எத்தனை என்று இரண்டும் வேறு வேறாக எடுத்துக்கொண்டதுதான் வித்தியாசம். ஆகவே கணக்கு முறையை இங்கே வைக்கிறேன். பேனாவும் கால்குலேட்டரும் போதும்.

முதலில் 1971. இன்று நடப்பில் உள்ள பங்கீடு அந்தக் கணக்கெடுப்பின்படி ஆனது. தமிழ்நாடு 4.12 கோடி, 39 இடம், ஓர் எம்.பி.க்கு 10.56 லட்சம் பேர். இன்றைய எல்லைப்படி உத்தரப் பிரதேசம் 8.38 கோடி, 80 இடம், 10.48 லட்சம். பீகார் 4.21 கோடி, 40 இடம், 10.53 லட்சம். கேரளம் 2.13 கோடி, 20 இடம், 10.67 லட்சம். எல்லாம் பத்தரை லட்சத்தைச் சுற்றியே நிற்கின்றன. அரசியல் சட்டத்தின் 81-ஆவது பிரிவு கேட்பதும் இதைத்தான்: எந்த மாநிலமானாலும் மக்கள்தொகைக்கும் இடத்துக்கும் உள்ள விகிதம் கூடியவரை ஒன்றாக இருக்க வேண்டும்.

இனி 2011. அதே இடங்களை வைத்துக்கொண்டு மக்கள்தொகையை மட்டும் மாற்றுங்கள். தமிழ்நாடு 7.21 கோடி, எம்.பி.க்கு 18.5 லட்சம். கேரளம் 16.7 லட்சம். உ.பி. 25 லட்சம். பீகார் 26 லட்சம். ராஜஸ்தான் 27.4 லட்சம். ஒரே கோட்டில் நின்றவர்கள் நாற்பது ஆண்டில் இவ்வளவு விலகிவிட்டார்கள்.

543 இடத்தையே 2011 கணக்கில் பிரித்தால்: 121.09 கோடியை 543-ஆல் வகுக்க, இடத்துக்கு 22.3 லட்சம். ஒவ்வொரு மாநில மக்கள்தொகையையும் 22.3 லட்சத்தால் வகுங்கள். தமிழ்நாடு 32, கேரளம் 15, பழைய ஆந்திரம் (தெலங்கானா சேர்த்து) 42-இலிருந்து 38. உ.பி. 90, பீகார் 47, ராஜஸ்தான் 31. கர்நாடகம் 27.4, கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே. ஒடிசா 21-இலிருந்து 19. தெற்குக்கு மட்டும் வரும் இழப்பு என்று பேசுவோர் ஒடிசாவைக் கவனிப்பதில்லை.

#2 கல்லணை

அண்ணா, ஒரு சந்தேகம். 2025 பிப்ரவரியில் கோயம்புத்தூரில் உள்துறை அமைச்சர் அமித் ஷா, தென்மாநிலங்களுக்கு ஓர் இடம்கூடக் குறையாது, விகிதாசாரப்படிதான் என்று சொன்னார். அப்படியானால் பிரச்சினை முடிந்ததுதானே?

#3 எண்கணியன்

'எதன் விகிதம்' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது, தம்பி. இன்றைய இடங்களின் விகிதம் என்றால் தமிழ்நாட்டின் 7.18 சதவீதம் அப்படியே நிற்கும். மக்கள்தொகை விகிதம் என்றால் நிற்காது.

இரண்டாவதைப் போட்டுப் பார்ப்போம். யாருக்கும் இடம் குறையக் கூடாது என்றால் விகிதத்தில் அதிகம் இழக்கக்கூடிய கேரளத்தின் 20-ஐக் காப்பாற்றியாக வேண்டும். 3.34 கோடியை 20-ஆல் வகுக்க 16.7 லட்சம். அதுவே எல்லாருக்கும் அளவுகோல். 121.09 கோடியை அதனால் வகுத்தால் அவை 725 இடம் ஆகும். தமிழ்நாட்டுக்கு 43, நான்கு கூடுதல். உ.பி.க்கு 120, நாற்பது கூடுதல். பீகார் 62, ராஜஸ்தான் 41.

இப்போது 43-ஐ 725-ஆல் வகுத்தால் 5.9 சதவீதம். 32-ஐ 543-ஆல் வகுத்தாலும் அதே 5.9 சதவீதம்தான். அவையை எவ்வளவு பெரிதாக்கினாலும் பங்கு மாறாது. புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் மக்களவைக்கு 888 இருக்கை இருக்கிறது என்பதை ஆறுதலாகச் சொல்கிறார்கள். இருக்கை கூடும், வாக்கெடுப்பில் நம் எடை கூடாது. சட்டம் நிறைவேறுவதும் ஆட்சி கவிழ்வதும் பங்கால்தான்.

#4 பிரிவு81

முதல் கணக்கில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். மாநிலங்களின் பட்டியலை வைத்துக் கணக்குப் போடுவோர் வழக்கமாகத் தவறும் இடங்களும் இவைதான்.

ஒன்று, 60 லட்சம் விதி. 1973-இல் வந்த 31-ஆவது திருத்தப்படி 60 லட்சத்துக்கு மேற்படாத மக்கள்தொகை கொண்ட மாநிலத்துக்கு அந்தச் சம விகித விதி பொருந்தாது. மிசோரம் போன்ற மிகச் சிறிய மாநிலத்துக்கும் ஓர் இடம் கிடைப்பது அதனால்தான். இமாசலப் பிரதேசம் 1971-இல் இந்த விலக்குக்குள் இருந்தது, 4 இடம் கிடைத்தது. 2011-இல் அதன் மக்கள்தொகை 68.6 லட்சம், விலக்கைத் தாண்டிவிட்டது. 22.3 லட்சத்தால் வகுத்தால் 3 இடம். இழக்கும் மாநிலங்கள் வடக்கிலும் உண்டு என்பதற்கு இது இன்னொரு சான்று.

இரண்டு, மாநிலங்களின் இடங்களை 1971 கணக்கிலேயே நிறுத்தி வைத்த உறைநிலை எங்கிருந்து வந்தது என்பது. 1976-இல் 42-ஆவது திருத்தம் 2000-க்குப் பிறகான முதல் கணக்கெடுப்பு வரை இடங்களை நிறுத்தி வைத்தது. 2001-இல் நிறைவேறிய 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. 2003-இன் 87-ஆவது திருத்தம், மாநிலத்துக்கு உள்ளே தொகுதி எல்லையை மட்டும் 2001 கணக்கெடுப்பின்படி மாற்ற இடம் கொடுத்தது. 2008-இல் நடந்தது அதுதான். தமிழ்நாட்டின் 39 மாறவில்லை. ஆனால் சென்னை மாவட்டத்தின் சட்டமன்றத் தொகுதிகள் 14-இலிருந்து 16 ஆயின, பெங்களூரு நகரம் 16-இலிருந்து 28 ஆனது. மாநிலங்களுக்கு இடையே அடைத்து வைத்த கதவு, கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையே அப்போதே திறந்துவிட்டது.

இடம் இழப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1962 தேர்தலில் சென்னை மாநிலத்துக்கு 41 இடம். 1961 கணக்கெடுப்புக்குப் பிறகு 1967-இல் 39. இந்த இரண்டு இட இழப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் எடுத்துப் பேசியது. ஈடாக 5,600 கோடி ரூபாய் தரலாமே என்றுகூடக் கேட்டது.

#5 கங்கைக்கரை

எல்லாரும் தமிழ்நாட்டின் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். பீகாரின் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

ராஜஸ்தானில் 27.4 லட்சம் பேருக்கு ஓர் எம்.பி., கேரளத்தில் 16.7 லட்சம் பேருக்கு ஓர் எம்.பி. ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு என்று சொல்லித்தான் குடியரசு தொடங்கியது. சீதாமர்ஹியில் பிறந்த ஒரு கூலித் தொழிலாளியின் வாக்கு, அவருடைய மாநில அரசு பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கட்டத் தவறியதற்காக ஏன் எடை குறைய வேண்டும்? குடும்பக் கட்டுப்பாட்டில் தோற்றது அரசு. தண்டனை வாக்காளருக்கு.

'நாங்கள் வெற்றி பெற்றதற்குத் தண்டனையா' என்று தெற்கு கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதே நியாயம் மறுபக்கமும் இருக்கிறது என்பதை ஏற்காமல் இந்தப் பேச்சு நகராது.

#6 எண்கணியன்

ஏற்கிறேன், ஐயா. இது இரண்டு சரிகளுக்கு இடையேயான மோதல். அதனால்தான் 50 ஆண்டாக எந்த அரசும் தொடத் தயங்கியது.

ஆனால் 'பீகார் பிறப்பைக் குறைக்கவே இல்லை' என்று பரவலாகச் சொல்வதும் முழு உண்மை இல்லை. பிறப்பு, இறப்பு விகிதங்களைக் கணிக்கும் மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறையின் (SRS) 2020 அறிக்கைப்படி ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் தமிழ்நாட்டில் 1.4, கேரளத்தில் 1.5, உ.பி.யில் 2.7, பீகாரில் 3.0. மேற்கு வங்கமும் 1.4-க்கு வந்துவிட்டது. பிறப்பு எல்லா இடத்திலும் இறங்குகிறது. தொடங்கிய ஆண்டுதான் வேறு. பெற்றோர் தலைமுறையை ஈடு செய்யத் தேவையான பதிலீட்டு அளவான 2.1-ஐக் கேரளம் 1980-களின் இறுதியிலேயே தொட்டுவிட்டது.

இங்கே பலர் இடறும் ஒரு விஷயம்: 2.1-க்குக் கீழே போன அன்றே மக்கள்தொகை நின்றுவிடாது. முந்தைய தலைமுறையில் பிறந்த பெண் குழந்தைகள் ஏராளமாக இருப்பதால், அவர்கள் ஆளுக்கு இரண்டு பெற்றாலும் முப்பது நாற்பது ஆண்டுக்கு மொத்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். பீகாரின் எடை வரும் இரண்டு மூன்று கணக்கெடுப்புகளிலும் கூடும் என்பது ஏற்கெனவே பிறந்துவிட்ட குழந்தைகளால் முடிவாகிவிட்டது.

#7 கல்லணை

அப்படியானால் 'அதிகம் பிள்ளை பெறுங்கள்' என்று தலைவர்கள் பேசுவதில் பலன் உண்டா? ஆந்திரம் 2024-இல், இரண்டு பிள்ளைக்கு மேல் உள்ளவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற பழைய தடையை நீக்கியதே.

#8 எண்கணியன்

தடையை நீக்கியது சரி. அதனால் பிறப்பு விகிதம் ஏறும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பணம் கொடுத்தும் விடுப்பு கொடுத்தும் தென் கொரியாவாலும் ஜப்பானாலும் 2.1-க்குத் திரும்ப முடியவில்லை. பெண்கள் படித்து, வேலைக்குப் போய், வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஏறிய ஊரில் மேடைப் பேச்சு பிறப்பை ஏற்றாது.

81-ஆவது பிரிவு எண்ணுவது மக்களை, வாக்காளர்களை அல்ல. பிறந்த குழந்தையும் அதில் சேரும். இளம் மாநிலங்களுக்கு, இன்னும் வாக்களிக்க வயதாகாத குழந்தைகளுக்கும் சேர்த்து இடம் கிடைக்கிறது. முதியோர் கூடிய மாநிலத்துக்கு அந்த ஆதாயம் இல்லை. 2024 தேர்தலின்போது நாட்டில் சுமார் 97 கோடி வாக்காளர், தமிழ்நாட்டில் சுமார் 6.2 கோடி, 6.4 சதவீதம். 543-இல் அது 35 இடம். மக்கள்தொகைப்படி 32. வாக்காளர் எண்ணிக்கையை அடிப்படையாக்கினால் மூன்று இடம் மீளும். இந்தக் கோரிக்கையை யாரும் உரக்க வைக்காதது எனக்கு வியப்பு.

#9 பனியன்நகர்

வைக்காததற்குக் காரணம் உண்டு. வெளிமாநிலத் தொழிலாளர்கள்.

கணக்கெடுப்பு ஒருவரை எங்கே எண்ணும் என்பதைப் பாருங்கள். 2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணினார்கள். அந்த இருபது நாளில் ஒரு நாளாவது தான் வழக்கமாக வசிக்கும் வீட்டில் இருந்தவர் அந்த வீட்டுக் கணக்கில் வருவார். முழுக் காலமும் வெளியே இருந்தவர், எங்கே இருந்தாரோ அங்கேதான் எண்ணப்படுவார். திருப்பூரில் தைக்கிற ஒடிசாக்காரர் பிப்ரவரி முழுதும் திருப்பூரில் இருந்தால் அவர் தமிழ்நாட்டின் மக்கள்தொகை. வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் ஊரிலேயே கிடக்கும்.

அதாவது மக்கள்தொகை அடிப்படை என்றால் அவர் நமக்கு எடை சேர்க்கிறார். வாக்காளர் அடிப்படை என்றால் சேர்க்க மாட்டார். எண்கணியன் சொன்ன மூன்று இடத்தில் ஒரு பகுதி இங்கே கழிந்துவிடும். அடுத்த கணக்கெடுப்புக்குக் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. கட்டடத் தளங்களில் உள்ள தகரக் கொட்டகைகள், மில் விடுதிகள், செங்கல் சூளைகள் ஆகியவைதான் வழக்கமாக விடுபடும் இடங்கள். காவலாளி கேட்டைத் திறக்காமல் கணக்கெடுப்பாளரைத் திருப்பி அனுப்பினால் ஒரே விடுதியில் ஐந்நூறு பேர் விடுபடுவார்கள். தமிழ்நாட்டு அரசு தன் நலனுக்காகவே ஹிந்தியும் ஒடியாவும் தெரிந்த கணக்கெடுப்பாளர்களைத் தொழில் வட்டங்களில் போட வேண்டும்.

#10 கங்கைக்கரை

அந்தத் தொழிலாளி கிளம்பிப் போன ஊரில் என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருளாதாரம் அரசியலை எப்படித் திருப்புகிறது என்பதற்குப் பீகாரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆண்கள் வேலை தேடி வெளியே. வாக்குச்சாவடிக்கு வருவது பெண்கள். 2015 சட்டமன்றத் தேர்தலில் பெண்கள் 60 சதவீதத்துக்கு மேல் வாக்களித்தார்கள், ஆண்கள் 53 சதவீதம் அளவில். நிதீஷ் குமார் இதை முன்பே புரிந்துகொண்டார்: 2006-இல் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம், பள்ளி மாணவியருக்கு சைக்கிள், 2016 ஏப்ரலில் மதுவிலக்கு. கணவன் வெளியூரிலிருந்து அனுப்பும் பணத்தில் குடும்பம் நடத்தும் பெண்ணின் கோரிக்கைகள் இவை.

இந்தப் புள்ளிவிவரத்தைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. ஊரில் இல்லாத ஆண்களின் பெயர் பட்டியலில் இருப்பதால் வகுக்கும் எண் பெரிதாகி, ஆண்களின் சதவீதம் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். ஊரில் இருந்த ஆண்கள் பெண்களுக்கு இணையாகவே வாக்களித்திருக்கலாம். 'பெண்கள் விழித்தெழுந்தார்கள்' என்று எழுதும் கட்டுரைகளில் பாதி இந்த வகுத்தலைப் பார்ப்பதில்லை. ஆனாலும் வரிசையில் நின்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். அரசியல் கட்சிக்கு அது போதும்.

#11 நிதிநிலை

இடப் பங்கீடு 1971-இல் உறைந்து நின்றது. பணப் பங்கீடு நிற்கவில்லை. அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றாட நிர்வாகத்தில் அடி விழுவது அங்கேதான்.

மத்திய வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு பகிர்வது என்று பரிந்துரைப்பது நிதிக்குழு. அந்தத் தொகையில் தமிழ்நாட்டின் பங்கு: 11-ஆவது நிதிக்குழு 5.385 சதவீதம், 12-ஆவது 5.305, 13-ஆவது 4.969, 14-ஆவது 4.023, 15-ஆவது 4.079. பெரிய சரிவு 13-க்கும் 14-க்கும் இடையே. காரணம் எளிது. 13-ஆவது குழு நிதி ஒழுக்கத்துக்கு 17.5 சதவீத எடை வைத்திருந்தது. 14-ஆவது அதை எடுத்துவிட்டு, 2011 மக்கள்தொகைக்கு 10, காடுகளுக்கு 7.5, வருமான இடைவெளிக்கு (நபர்வாரி வருமானத்தில் பணக்கார மாநிலத்தைவிட எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு) 50 என்று மாற்றியது.

15-ஆவது குழுவுக்கு 2011 கணக்கெடுப்பை மட்டுமே பயன்படுத்தச் சொல்லி 2017-இல் ஆணை வந்தது. தெற்கு எதிர்த்தது, 2018 ஏப்ரலில் திருவனந்தபுரத்தில் கூட்டம் நடந்தது. அதன் பிறகு வந்த சூத்திரத்தில் மக்கள்தொகை 15, பரப்பு 15, காடு 10, வருமான இடைவெளி 45, வரி முயற்சி 2.5, கூடவே மக்கள்தொகைச் செயல்பாடு என்று 12.5. ஒரு பெண்ணுக்கான சராசரிக் குழந்தைகள் எண்ணிக்கையின் தலைகீழ் மதிப்பை 1971 மக்கள்தொகையால் பெருக்கி அந்தக் கடைசி எண்ணைக் கண்டார்கள். பிறப்பைக் குறைத்த மாநிலத்துக்கு ஈடு தர முடியும் என்பதற்கு இது கைக்கெட்டிய முன்மாதிரி. இந்த ஈடு சூத்திரத்தில் இருந்தபோதும் தமிழ்நாட்டின் பங்கு 4.023-இலிருந்து 4.079-க்குத்தான் ஏறியது, 45 சதவீத எடையுள்ள வருமான இடைவெளி மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டது. நபர்வாரி வருமானம் உயர்ந்த மாநிலம் அங்கே குறைவாகவே பெறும்.

வரிக்கு மேல் மத்திய அரசு போடும் செஸ், சர்சார்ஜ் இரண்டும் இந்தப் பகிர்வுக்குள் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். மத்திய வரியில் மாநிலங்களுக்கு 41 சதவீதம் என்று சொல்லப்படுவது மொத்த வசூலில் 41 அல்ல.

கேரளத்தில் 2011-இல் 100-க்கு 13 பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். 2036-இல் 23 ஆகும் என்பது அரசின் தொழில்நுட்பக் குழு மதிப்பீடு. உ.பி.யில் 7 என்பது 12 ஆகும். ஓய்வூதியமும் முதியோர் மருத்துவமும் கூடும் ஆண்டுகளில்தான் தெற்கின் வரிப் பங்கும் இடப் பங்கும் சேர்ந்து இறங்கும். பழைய ஓய்வூதியத் திட்டம் 2022 இமாசலத் தேர்தலில் முதன்மைப் பிரச்சினையானது நமக்கு முன்னறிவிப்பு.

#12 பிரிவு81

தீர்வு என்று வரும்போது மாநிலங்களவையைக் காட்டுவார்கள். அதன் கணக்கு வேறு: முதல் 50 லட்சத்துக்குப் பத்து லட்சத்துக்கு ஓர் இடம், அதற்கு மேல் இருபது லட்சத்துக்கு ஓர் இடம். 1951-இன் 3 கோடி மக்கள்தொகைக்குப் போட்டால் 5-உம் 12.5-உம் சேர்ந்து தமிழ்நாட்டின் 18 வந்துவிடும். பெரிய மாநிலம் ஏற ஏற மெதுவாக ஏறும் முறை. ஆனால் பண மசோதாவை அந்த அவை தடுக்க முடியாது. 2003-க்குப் பிறகு வேட்பாளர் அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இந்த இரண்டையும் திருத்தாமல் அதைக் கவசமாக நம்ப முடியாது.

ஐரோப்பிய நாடாளுமன்றத்திலும் இதே தத்துவம்தான்: ஜெர்மனிக்கு 96, மால்டாவுக்கு 6. நம் மக்களவையில் உ.பி.க்கும் தமிழ்நாட்டுக்கும் இன்றுள்ள விகிதம் 80-க்கு 39, அதாவது 2.05 மடங்கு. 2011 மக்கள்தொகை விகிதம் 2.77 மடங்கு. பெரிய மாநிலம் மெதுவாக ஏறும் இன்னொரு முறையாக மக்கள்தொகையின் வர்க்கமூலத்தை எடுத்தால் 1.66 மடங்கு. ஆக, இன்றைய உறைநிலை இரண்டு முறைகளுக்கும் நடுவில் நிற்கிறது. பேரம் பேச இடம் இருக்கிறது என்றே இதைப் படிக்கிறேன்.

#13 கங்கைக்கரை

பேரம் முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் 1920-களைப் பாருங்கள். 1920 கணக்கெடுப்பு நகர மக்கள் பாதிக்கு மேல் என்று காட்டியது. கிராமப்புற உறுப்பினர்கள் இடம் இழக்க மறுத்தார்கள். பத்தாண்டு முழுதும் மறுபங்கீடே நடக்கவில்லை. 1929 சட்டம்தான் அதைத் தானாக நடக்கும் ஏற்பாடாக்கியது. அவை 435-இல் நின்றது, இன்றும் அதே. 2020-இல் நியூயார்க் இன்னும் 89 பேரை எண்ணியிருந்தால் ஓர் இடத்தை இழந்திருக்காது. பனியன்நகர் சொன்ன விடுதிக் கணக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இதில் தெரியும்.

#14 கல்லணை

ஒட்டுமொத்தமாகத் தெற்கின் நிலை எண்ணில் என்ன?

#15 எண்கணியன்

ஐந்து மாநிலங்களும் புதுச்சேரியும் சேர்ந்து இன்று 130, 23.9 சதவீதம். 2011 கணக்கில் 113, 20.8 சதவீதம். ஹிந்தி பேசும் பத்து மாநிலங்கள், தில்லி உட்பட, 225-இலிருந்து 252. பெரும்பான்மைக்கு 272. அரசியல் சட்டத் திருத்தத்தைத் தடுக்க, எல்லாரும் வந்து வாக்களிக்கும் அவையில், 182 வேண்டும். இன்று தெற்கு ஒன்றாக நின்றால் இன்னும் 52 பேர் போதும். அப்போது 69 பேர் வேண்டும். தெற்கு ஒன்றாக வாக்களித்ததே அபூர்வம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

#16 பிரிவு81

சட்டமன்றத்தையும் மறக்க வேண்டாம். முந்தைய மறுவரையறைச் சட்டங்களில் சட்டமன்ற இடம் மக்களவை இடத்தின் முழு மடங்காக இருக்க வேண்டும் என்று இருந்தது. 39-ஐ ஆறால் பெருக்க 234 வருவது அதனால்தான். கேரளம் 20-ஐ ஏழால், ராஜஸ்தான் 25-ஐ எட்டால். அதே விதி திரும்ப வந்தால், 43 என்றால் 258. 32 என்றால் 192, 224, 256 இவற்றில் ஒன்று. 234 நிற்காது. 2023-இன் 106-ஆவது திருத்தம் பெண்களுக்கான மூன்றில் ஒரு பங்கையும் மறுவரையறையோடு கட்டியிருக்கிறது. ஒன்றைத் தள்ளினால் மற்றதும் தள்ளும்.

மறுவரையறை ஆணையம் அமைந்த பிறகு செய்ய வேண்டியது: 2002 சட்டப்படி தலைவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர், கூடவே ஒரு தேர்தல் ஆணையர், மாநிலத் தேர்தல் ஆணையர். ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. இணை உறுப்பினர்களாக இருப்பார்கள்; வாக்குரிமை கிடையாது. வரைவு அரசிதழிலும் நாளிதழ்களிலும் வந்ததும் எழுத்து ஆட்சேபமும் பொது அமர்வும் மட்டுமே வாய்ப்பு. இறுதி ஆணை வந்தபின் 329-ஆவது பிரிவு நீதிமன்றக் கதவைப் பெரும்பாலும் அடைத்துவிடும். பொத்தாம் பொதுவான மனு பயன்படாது. வருவாய்க் கிராமப் பெயர், வார்டு எண், கணக்கெடுப்பு மக்கள்தொகை, தாலுகா தலைமையிடத்துக்கான தூரம் ஆகியவற்றோடு, அந்தக் கிராமத்தை எந்தத் தொகுதியில் சேர்க்க வேண்டும், அங்கிருந்து எதை எடுத்து ஈடு செய்யலாம் என்பதையும் எழுத வேண்டும். ஈடு சொல்லாத மனுவால் பக்கத்துத் தொகுதியின் கணக்கு உடையும். அத்தகைய மனு எடுபடாது.